சிவப்புச் சீமெந்து நிலம்

பழைய கொங்கிறீற்று நிலத்துக்கு மாபிள் பதித்தால்தான் அழகு என்பாருண்டு. பாப்பாமோட்டை போன்ற வெக்கையான ஊருக்குச் சிவப்புச் சீமெந்துதான் என் தெரிவு.

பழைய நிலத்தை முதலில் கொத்திச் சொரசொரப்பாக்கி, கழுவி, ஈரம் காயுமுன் சீமெந்துப் பால் பூச வேண்டும். இல்லாவிட்டால் மேற்பூச்சு கழன்றுவிடும். சிவப்பைத் தருவது இரும்பு ஒக்சைட்டு. சீமெந்தின் காரமோ வெயிலோ அதை வெளிறச் செய்யாது.

சாந்து இறுகத் தொடங்கும் நேரம்தான் மேசனின் கைக்குச் சோதனை. சாந்தகப்பையைச் சற்றே சரித்து, அரைவட்டமாக அழுத்தி இழுக்க இழுக்க, மங்கிக் கிடந்த சிவப்பு மினுங்கத் தொடங்கும். எத்தனை தரம் பார்த்தாலும் அலுக்காது!

கரையோரத்தில் உவர்த்தண்ணீர் கூடவே கூடாது. உப்பு வெள்ளையாகப் பூத்துவிடும். நல்ல தண்ணீர் விட்டு 7 நாளாவது நனைக்க வேண்டும். காய்ந்தபின் மெழுகு பூசிப் பொச்சுமட்டையால் தேய்த்தால், மத்தியான வெயிலிலும் பாயில்லாமலே படுக்கலாம்.