சிகரெட் பெட்டிப் படங்கள்: ஓர் ஆசிரியர் நோக்கு

ஏட்டையும் பாட்டையும் ஆராய்வதே திறனாய்வு என்று எண்ணும் வழக்கம் நம்மிடையே உண்டு. ஆனால், நூலைத் தொடாத மக்களும் நாள்தோறும் பத்து இருபது முறை கையில் எடுத்துப் பார்க்கும் பொருள் ஒன்று உளது. அதுவே சிகரெட் பெட்டி. அதன்மேல் அச்சிடப்பெறும் எச்சரிக்கைப் படங்கள் மக்களுக்குக் கற்பிக்க வந்தவை. ஆதலின், ஒரு பாடத்தை எடைபோடுவது போல அவற்றையும் எடைபோடுதல் தகும்.

இம்முறையை முதலில் சட்டமாக்கிய நாடு கனடா. அங்கே 2000ஆம் ஆண்டின் இறுதியில் படங்கள் வரத் தொடங்கின. சிங்கப்பூர் 2004இலும் மலேசியா 2009இலும் அவ்வழியை மேற்கொண்டன. நம் நாட்டில் அப்போது பெட்டியின் முன்பக்கத்தில் 40 விழுக்காடும் பின்பக்கத்தில் 60 விழுக்காடும் எச்சரிக்கைக்கு ஒதுக்கப்பட்டன.

முதற்கண் சொற்களைக் காண்போம். படம் வருமுன் பல்லாண்டுகள் நம் பெட்டிகளில் இருந்த வாசகம், புகைபிடித்தல் சுகாதாரத்துக்குக் கேடு என்பதாகும். அது பொய்யன்று. எனினும், 'சுகாதாரம்' என்பது பொதுச்சொல். கெடுவது எவ்வுறுப்பு, வருவது எந்நோய் என்னும் வினாக்களுக்கு அதில் விடையில்லை. 2009இல் வந்த வாசகங்களோ, சிகரெட் வாய்ப்புற்றுக்குக் காரணம், நுரையீரற் புற்றுக்குக் காரணம் என நோயைப் பெயர் சுட்டிச் சொல்லின. மலாயும் ஆங்கிலமும் படிக்கத் தெரியாத நம் முதியோர்க்கு அருகிலிருந்த படமே வாசகமாயிற்று.

படத்துக்கும் இலக்கணம் உண்டு. இதற்கு இந்தியாவில் நிகழ்ந்தது நல்ல சான்றாகும். அங்கே 2009இல் மெல்லும் புகையிலைப் பொட்டலங்களில் தேளின் உருவத்தை அச்சிட்டனர். தேளைப் போலவே புகையிலையும் நஞ்சுடையது என்பது கருத்து. பார்த்தோர் பலர்க்கு அவ்வுவமை விளங்கவில்லை. பின்னர்த் தேளை நீக்கி, புற்று அரித்த வாயையே காட்டினர். பொருள் விளங்காத இடத்தில் உவமை வெறும் அலங்காரமே அன்றோ?

நம் நாட்டுப் படங்களில் இக்குறை இல்லை. முதலில் வந்தவை ஆறு. கழுத்துப் புற்று, வாய்ப்புற்று, நுரையீரற் புற்று, அழுகிய கால் ஆகிய நான்கும் புகைப்பவரின் உடலைக் காட்டின. கருச்சிதைவு, குறைமாதக் குழந்தை ஆகிய இரண்டும் பிறக்கவேண்டிய உயிரைக் காட்டின. இவ்விரு வகைக்கும் உள்ள வேற்றுமையை யான் ஒரு கடையில் கண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய மாணவர் ஒருவர், கடைக்காரர் நீட்டிய பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது வேணாம்ண்ணே, கழுத்துப் படம் இருந்தா குடுங்க" என்றார். அவர் மறுத்தது குழந்தைப் படத்தை. அப்போது அவர் மனைவி கருவுற்றிருந்தார். தம் கழுத்தைப் பற்றிய அச்சம் அவருக்குப் பழகிப்போயிற்று. பிள்ளையைப் பற்றிய அச்சம் பழகவில்லை. படத்தைப் பார்த்து எவர் திருந்தினார் என்று கேட்போர், அவர் அப்பெட்டியைத் திருப்பிக் கொடுத்ததை எண்ணிப் பார்க்க வேண்டும். பாடம் அவர் நெஞ்சைத் தொட்டது. ஆனால், வேறு பெட்டி ஒன்று அவர் சட்டைப் பையில் ஏறியதும் உண்மையே.

இங்கேதான் இப்படங்களின் குறைகள் புலனாகின்றன. வகுப்பறைச் சுவரில் மாட்டிய படத்தைக் காலம் பார்த்துக் கழற்றி வேறொன்றை மாட்ட வேண்டும். இன்றேல் அது சுவரோடு சுவராகிவிடும் என்று ஆசிரியர் பயிற்சியில் எமக்குச் சொல்லித் தந்தனர். எச்சரிக்கைகள் மாறி மாறி வரவேண்டும் என்றே உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையும் கூறுகின்றது. அடுத்து, அச்சுறுத்தினால் மட்டும் போதாது. விடும் வழியையும் காட்ட வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2006இல் படங்களோடு உதவிக்கான தொலைபேசி எண்ணும் வந்தபோது, அவ்வெண்ணுக்கு வந்த அழைப்புகள் ஏறக்குறைய இருமடங்காயின. மேலும், எச்சரிக்கையின் பக்கத்திலேயே வணிகச் சின்னம் கவர்ச்சியாக மின்னுமாயின், ஒரே பெட்டி இரு குரலில் பேசும். சிங்கப்பூர் 2020 சூலை முதல் எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே மங்கிய நிறத்தை விதித்து, 75 விழுக்காட்டை எச்சரிக்கைக்கு ஒதுக்கி, அவ்விரண்டாம் குரலை அடக்கிற்று. இது பின்பற்றத் தக்க வழியாகும்.

இனி, நம்மவர் சிந்திக்க வேண்டியது ஒன்று. மலேசியாவில் வாய்ப்புற்று பிற இனத்தாரைவிட இந்தியரிடையே மிகுதி. வெற்றிலையோடு புகையிலை மெல்லும் பழக்கம் அதற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று. கடையில் கிள்ளித் தாளில் மடித்துத் தரும் புகையிலைக்குப் பெட்டியும் இல்லை, படமும் இல்லை. சிகரெட் பெட்டியின் வாய்ப்புற்றுப் படத்தைக் கண்டு முகஞ்சுளிக்கும் பாட்டி, அது தமக்கும் உரிய படம் என்பதை அறியாமலே புகையிலையை வாயில் ஒதுக்கிக்கொள்கிறார். அவருடைய வெற்றிலைப் பெட்டியில் அரசாங்கம் படம் ஒட்ட இயலாது. அங்கே எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் பேரப்பிள்ளைகளும், அப்பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நாமுமே ஆவோம்.