இரட்டைத் தடத்தில் ராஜேஷ்குமார்

குற்றக்கதை எழுத்தாளர் ராஜேஷ்குமாரின் பெயரை எடுத்தாலே அடுத்து வருவது எண்ணிக்கைதான்: 1500க்கும் மேற்பட்ட நாவல்கள், 2000 சிறுகதைகள். அவருக்கு நேர்ந்த பெரிய அநீதியே இந்தக் கணக்குதான். எத்தனை எழுதினார் என்று வியந்தவர்கள், எப்படி எழுதினார் என்று பார்க்காமலே நகர்ந்துவிட்டார்கள்.

கோயம்புத்தூரில் 1947இல் பிறந்த அவர் (இயற்பெயர் கே. ஆர். ராஜகோபால்), ஆசிரியராகவும் விற்பனைப் பிரதிநிதியாகவும் வேலை பார்த்தவர். சிறுகதைகளில் தொடங்கி, 1980இல் ‘மாலைமதி’ இதழில் வந்த ‘வாடகைக்கு ஓர் உயிர்’ மூலம் நாவலுக்கு வந்தார். பிறகு ஜி. அசோகனின் ‘கிரைம் நாவல்’ மாத இதழ் அவரைத் தமிழகத்தின் பேருந்து நிலையக் கடைகளுக்கெல்லாம் கொண்டுபோனது.

அவருடைய தனி முத்திரை இரட்டைத் தடம். ஒரு அத்தியாயத்தில் கோவையில் கல்யாணப் பேச்சு நடக்கும். அடுத்ததில் வேறொரு ஊரில், முன்பின் தெரியாத ஒருவனின் பிணம் கிடக்கும். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எங்கேயோ இவை சந்திக்கப்போகின்றன என்பது வாசகருக்குத் தெரியும். எங்கே என்பது மட்டும் தெரியாது. வழக்கமான துப்பறியும் கதை ‘யார் கொன்றது?’ என்று கேட்கும். இவர் அதற்கு முன்னால், ‘இவர்களுக்குள் என்ன தொடர்பு?’ என்ற கேள்வியை வைத்தார். நூறு பக்கச் சொச்சத்தில், பேருந்துப் பயணத்துக்குள் முடிந்துவிட வேண்டிய கதைக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை. சின்ன வாக்கியம், நேரான உரையாடல், திருப்பத்தில் நிற்கும் அத்தியாயம். எழுத்துக்கூட்டிப் படித்தவர்களையும் புத்தகத்தை முடிக்கவைத்த உரைநடை அது. இலக்கிய வரலாறு இதற்குரிய மதிப்பை இன்னும் தரவில்லை.

ஆனால் அதே வடிவம்தான் அவரைப் பலமுறை கைவிட்டிருக்கிறது. தடங்கள் கடைசிப் பக்கங்களில் இணைவதால், முடிச்சை அவிழ்க்கும் தகவலும் அங்கேதான் வருகிறது. வாசகர் தானே கண்டுபிடித்திருக்கக்கூடிய தடயம் முன்னால் கிடைப்பதில்லை. குற்றவாளி ஒரு நீண்ட வாக்குமூலம் கொடுப்பான், கதை முடிந்துவிடும். சுஜாதாவின் துப்பறியும் வழக்கறிஞர்களான கணேஷும் வசந்தும் பேசிக்கொள்ளும்போது இரண்டு மனிதர்கள் தெரிகிறார்கள். ராஜேஷ்குமாரின் துப்பறியும் நாயகன் விவேக்கின் மனைவி ரூபலாவோ, பெரும்பாலும் அவர் விளக்கம் சொல்வதற்காகவே கேள்வி கேட்கிறார். இத்தனை நாவல்களில் உடன் வந்த ஒரு பெண்ணுக்கு இன்னும் கொஞ்சம் உள்மனசு கொடுத்திருக்கலாம். கோவையும் பல கதைகளில் முகவரியாக நின்றுவிடுகிறது: தெருப்பெயர் உண்டு, அந்த ஊரின் பேச்சு இல்லை.

மாதந்தோறும் வந்து நிற்கும் கெடு இதற்கு ஒரு காரணம். அது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. வேகத்தை அவர் விரும்பியே தேர்ந்தார்.

மருத்துவத்தையும் அறிவியலையும் குற்றத்தோடு பிணைக்கும்போது இந்தக் குறைகள் பின்னுக்குப் போகின்றன. அவருடைய நாவலிலிருந்து உருவான ‘குற்றம் 23’ படம் (2017) செயற்கைக் கருத்தரிப்பைச் சுற்றிய மிரட்டலைப் பேசியது. குழந்தையில்லாத பெண்ணை நம் குடும்பங்கள் நடத்தும் விதம் அங்கே குற்றத்துக்கு வழிவிடுகிறது. அறிவியல் வெறும் அலங்காரமாக நிற்காமல் சமூகத்தின் அச்சத்தைத் தொட்ட இடம் அது.

2008இல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் தமிழ் வெகுஜனக் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்தபோது அவரையும் சேர்த்துக்கொண்டது. தமிழில் செய்ய வேண்டிய வேலை வேறு: 1500லிருந்து நல்ல இருபதைப் பொறுக்கி, முதலில் வெளியான ஆண்டும் இதழும் குறித்து, கெட்டித் தாளில் அச்சிடுவது. பாக்கெட் நாவல்களின் சாணித்தாள் வெகுகாலம் தாங்காது.