வெண்கொற்றக் குடையும் தேயிலைக் குன்றும்

புறநானூற்றின் 35ஆம் பாட்டு ஒருவகையில் வரிவிலக்கு வேண்டும் விண்ணப்பம் எனலாம். சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனை வெள்ளைக்குடி நாகனார் பாடியது அது. வேந்தன் குடை வெயில் மறைக்க எடுத்ததன்று, குடிகளுக்கு நிழலாக எடுத்தது என்கிறார் புலவர். போர்க்கள வெற்றியும் ஏரின் உழுசாலில் விளைந்ததே என்கிறார். உழுவோரைக் காத்தால் அவர் வழியாக ஏனைக் குடிகளையும் காக்கலாம் என்பது அவர் கூறும் அரசியல். பாடிப் பழைய நிலக்கடனை நீக்கிக்கொண்டார் என்று பாட்டின் கீழுள்ள குறிப்பு கூறுகிறது. மந்த காலத்தில் அரசு வேளாண்மைக்குச் செய்த துணையை அளந்தறிய இஃது ஏற்ற அளவுகோல். குடையின் நிழல் யார்மேல் விழுந்தது என்பதே வினா.

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் இவ்வினாவை எழுப்பிப் பார்த்தல் தகும். அம்மலைத் தேயிலையின் வரலாறு பெரும்பாலும் துணிவுள்ள முதலாளிகளின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. ரஸ்ஸல் என்பார் போ தோட்டத்தைத் தொடங்கியது 1929இல். உலகப் பொருளாதாரம் சரிந்த ஆண்டும் அதுவே. துணிவு இருந்தது உண்மை. ஆனால் அத்துணிவின் அடியில் அரசு இட்ட கடைக்கால் இருந்ததை மறத்தல் ஆகாது. 1885இல் மலைப்பகுதியை ஆராய்ந்த வில்லியம் கேமரன் அரசின் நில அளவையாளர். தானா ராத்தாவில் எப்பயிர் வளரும் என்று நட்டுப் பார்த்தது அரசின் வேளாண்மைச் சோதனை நிலையம். தாப்பாவிலிருந்து மலையேறும் பாதையை அமைத்ததும் அரசே. பாதை இல்லையேல் கொழுந்து மலையிலேயே வாடியிருக்கும்.

பாதைக்கும் சோதனைக்கும் பணம் எங்கிருந்து வந்தது? கூட்டு மலாய் மாநிலங்களின் வருவாயில் பெரும்பங்கு ஈயமும் ரப்பரும் ஈட்டித் தந்தது. தோட்டங்களில் பால்வெட்டியோருள் மிகப் பலர் தமிழர். ஆகவே, மலைக்குச் சென்ற அரசுப் பணத்தில் அவர்தம் உழைப்பும் கலந்திருந்தது என்பது வெளிப்படை.

பின்னர் விலை வீழ்ந்தது. 1929இல் ஒரு பவுண்டு ஏறத்தாழ 34 காசுக்கு விற்ற ரப்பர், 1932இல் ஏறத்தாழ 7 காசுக்கு இறங்கிற்று. அரசுகள் கைகட்டி நிற்கவில்லை. 1933இல் இந்தியா, இலங்கை, டச்சு கிழக்கிந்தியா ஆகியவை தேயிலை ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தின. 1934இல் ரப்பருக்கும் அத்தகைய உடன்பாடு வந்தது. மலாயா அதில் முதன்மையான இடம் பெற்றது. விலை ஏறியது, தோட்டங்கள் பிழைத்தன. ஆனால் பங்கீடு நிலத்தைக் கணக்கிட்டே நடந்தது. சிறு தோட்டக்காரருக்கு உரிய அளவைவிடக் குறைவாகவே பங்கு மதிப்பிடப்பட்டதென்று பின்னாளில் பொருளியலறிஞர் பாவர் எடுத்துக் காட்டினார். நிலமே இல்லாத கூலிக்கோ பங்கென்று ஒன்று இருக்கவில்லை.

கூலிக்குக் கிடைத்தது கப்பல் சீட்டு. 1930இல் உதவி பெற்று வருவோரின் குடியேற்றம் நிறுத்தப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். செலவை ஏற்ற குடியேற்ற நிதி, அவர்களை வரவழைப்பதற்கென்று 1907இல் தொடங்கப்பட்டது. அழைக்கவும் அனுப்பவும் ஒரே பை! எஞ்சியிருந்தோரின் கூலி வெட்டப்பட்டது. விலை தேறிய பின் ஆண்களுக்கு 50 காசு மீண்டும் வந்தது. 1938இல் விலை தளர்ந்ததும் அது 45 காசாயிற்று. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் இந்திய அரசு தொழிலாளர் குடியேற்றத்துக்கே தடை விதித்தது.

இது மலாயாவுக்கு மட்டும் உரிய குறையன்று. பிரிட்டன் 1932இல் கோதுமை விளைவிப்போர்க்கு விலை உறுதி அளித்தது. அதன் சுமை மாவின்மேல் ஏற்றப்பட்டது. அமெரிக்கா 1933இல் பருத்திப் பரப்பைக் குறைக்கப் பணம் கொடுத்தது; அது நிலவுடைமையாளர் கையில் தங்கிவிட, வாரத்துக்குப் பயிரிட்ட பலர் நிலத்தினின்று வெளியேற்றப்பட்டனர்.

வேலையற்ற தோட்டத்தில் பட்டினி கிடப்பதைவிட ஊர் திரும்புதல் நன்றன்றோ என்று வினவலாம். அரசின் வருவாயும் சுருங்கியிருந்தது. மலைத் தேயிலை சிலர்க்கேனும் வேலை தந்தது. இவற்றை மறுப்பதற்கில்லை. ஆயினும் திரும்பியவர் சென்று சேர்ந்த ஊரிலும் நெல் விலை வீழ்ந்துகிடந்தது. 1938இல் இராஜாஜி அமைச்சரவை விவசாயிகளின் கடன்சுமையைக் குறைக்கச் சட்டம் இயற்றியது. நாகனார் கேட்டதற்கு நெருங்கிய செயல் அது. ஆனால் அச்சட்டம் விவசாயி என்று கொண்டது நிலத்தில் ஏதேனும் உரிமை உடையவரையே. மலாயாவிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய கூலியாள் அங்கும் அச்சொல்லுக்குப் புறத்தே நின்றார்.

இவ்விடத்தில் அளவுகோலையும் ஒருமுறை சோதித்தல் நேர்மை. நாகனார் நீக்கிக்கொண்டதும் நிலத்தின்மேல் இருந்த கடனே. நிலமற்ற கைகளுக்கு நன்மை உழுவோர் வழியாகத் தானே சென்று சேரும் என்று அவர் நம்பினார். ஏர் பிடித்தவனும் நிலத்துக்கு உரியவனும் ஒருவனாகவோ அண்டை வீட்டானாகவோ இருந்த ஊரில் அந்நம்பிக்கைக்கு இடமுண்டு. பங்குதாரர் இலண்டனிலும், கொழுந்து பறிப்பவள் மலைச்சரிவு லயத்திலும் இருந்த உலகில் அவ்வழி அடைபட்டுவிட்டது. கடல் கடந்து வந்தவரைக் கடல் கடந்தே அனுப்பிவிட முடிந்ததால், அடைப்பை நீக்க வேண்டிய தேவையும் ஆட்சியாளர்க்கு எழவில்லை.

இன்று கேமரன் மலைத் தோட்டங்களில் வேலை செய்வோருள் வங்காளதேசத்தாரும் நேபாளத்தாரும் பலர். பயிருக்கு உதவி என்று அரசு அறிவிக்கும்போது அவர்கள் அக்கணக்கில் வருவரா என்று கேட்கும் உரிமையும் கடமையும், அதே சரிவில் முன்பு கூடை சுமந்தவரின் வழிவந்தோர்க்கு உண்டு.