குறத்தியும் சிங்கனும்: ‘பெத்லகேம் குறவஞ்சி’ காட்டும் சாட்சி வாழ்வு

தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) 1800-ஆம் ஆண்டளவில் இயற்றிய ‘பெத்லகேம் குறவஞ்சி’ நம் சபைகளில் இசைநூலாகப் போற்றப்படும் அளவுக்கு இறையியல் நூலாகப் பயிலப்படவில்லை எனலாம். கொப்பர்நிக்கசின் வானநூற் கருத்தையும் உலகப் புவியியலையும் ஒரு சிற்றிலக்கியத்துள் புகுத்திய புதுமையைப் பலர் வியந்துள்ளனர். அவ்வியப்பு தகும். ஆயினும், விசுவாசத்தை அன்றாட வாழ்வில் பிறரோடு பகிர்தல் எத்தகையது என்னும் வினாவோடு நூலை அணுகுவார்க்கு அதன் சிறப்பு வேறோரிடத்தில் உள்ளது.

குறவஞ்சியின் அமைப்பு நாம் அறிந்ததே. உலா வரும் தலைவனைக் கண்டு தலைவி காதல் கொள்கிறாள். குறத்தி வந்து குறி சொல்கிறாள். அவள் கணவன் சிங்கன் வேட்டைக்குப் பின் அவளைத் தேடி வருகிறான். சாஸ்திரியார் தலைவனைக் கிறிஸ்துவாகவும், தலைவியைத் திருச்சபையாகவும், குறத்தியை விசுவாசமாகவும் உருவகித்தார். சிங்கனின் வேட்டை ஆத்தும ஆதாயப் பணியாயிற்று. ஆக, நற்செய்தி பரவும் இரு வழிகள் ஒரே நூலில் அருகருகே நிற்கின்றன.

குறத்தியின் வழியைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். அவள் குறி சொல்வதற்கெனத் தனியே நாள் குறித்து வருபவள் அல்லள். அதுவே அவள் பிழைப்பு. கூடையும் கோலுமாகத் தெருவில் நடக்கிறாள். தன் மலைவளத்தைத் தன் மொழியில் கூறுகிறாள். உண்ண உணவும் உடுக்கத் துணியும் கேட்கிறாள். தலைவியின் கையைப் பற்றிப் பார்த்த பின்னரே குறி உரைக்கிறாள். செய்தியைக் கொண்டு வருபவள் கேட்டுப் பெறுபவளாகவும் இருக்கிறாள் என்பது ஆழ்ந்து கருதத்தக்கது. சீகாரில் கிணற்றண்டையில் அமர்ந்த நம் ஆண்டவரும் முதலில் தண்ணீர் கேட்டார். உரையாடல் அதன் பின்னரே தொடங்கியது. கொடுப்போராக மட்டுமே அயலாரிடம் செல்லும் நம் பழக்கத்திற்கு இவ்விரு காட்சிகளும் அயலானவை.

திருச்சபையோ சிங்கனின் வலையையே பெரிதும் சுவீகரித்துக்கொண்டது. மனுஷரைப் பிடிப்பது சுவிசேஷத்திலேயே உள்ள உருவகம் என்பது மெய். எனினும் வலையை வீசுபவன் அகப்பட்டவற்றை எண்ணுவான். கூட்டங்களின் அறிக்கைகளை வாசிப்போர் இதனை அறிவர். மதமாற்றம் என்ற சொல்லே ஐயத்தை எழுப்பும் இந்நாட்டில், வேட்டையின் மொழியைக் கேட்கும் அயலார் அதனை உருவகமாகக் கொள்வார்கள் என எதிர்பார்ப்பதும் பேதைமை.

இங்கு நூலாசிரியரின் வாழ்வையும் ஒதுக்கிவிட இயலாது. வேளாளக் குடியில் பிறந்து, சுவார்ட்ஸ் ஐயரின் மாணாக்கராய் வளர்ந்த இவர், 1820-களின் இறுதியில் புதிய மிஷனெரிமார் சபையில் சாதி வேறுபாட்டை நீக்க முற்பட்டபோது, சாதி ஆசாரத்தை ஆதரித்து வாதிட்டு நூல் எழுதினார். மிஷனெரிமாரின் கடுமையும் அக்காலச் சூழலும் அவர் சினத்திற்கு ஓரளவு காரணமாயிருக்கலாம். அவை அவரது நிலைப்பாட்டைச் சரியாக்கா. காட்டில் திரிந்து கூழுக்குக் குறி சொல்லும் பெண்ணுக்கு விசுவாசம் என்று பெயரிட்டவர், அத்தகைய எளியோரோடு சமமாய் அமர்வதைச் சபையின் ஒழுங்காக ஏற்க மறுத்தார். குறத்தி தலைவியின் கையைப் பற்றாமல் குறி இல்லை. கவிஞரின் கற்பனை அந்தத் தொடுகையை அனுமதித்தது; சபையில் அதற்கு இடமில்லாது போயிற்று. ஒரு பந்தியில் அமராதவர்கள் ஒருவருக்கொருவர் அன்றாடம் பகிரும் விசுவாசம் யாது என இன்றைய நம் சேகரங்களையும் கேட்கலாம். தனிக் கல்லறைத் தோட்டங்கள் உள்ள ஊர்களில் அவ்வினா பழையதன்று.

ஆயினும் கவிதை கவிஞரை மிஞ்சி நிற்கும் இடமும் உண்டு. குறவஞ்சி மரபில் சிங்கன் தன் வேட்டையோடு நிறைவடைவதில்லை. வேட்டையிடையே மனம் சிங்கியை நாடுகிறது; தேடி அலைகிறான்; கண்டபின் அவள் அணிந்துள்ள அணிகள் எங்கிருந்து வந்தன என வியந்து வினவுகிறான். எந்தெந்தத் தெருவில் நடந்தாள், யாருக்குக் குறி சொன்னாள், யார் என்ன கொடுத்தார் என்பதை அவள் சொல்ல, வலைக்காரன் நின்று கேட்கிறான்.