சிரிப்பு நிற்க வேண்டிய இடம்

உண்மையில் நடந்த குற்றத்தை ஹாஸ்யப் படமாக்கத் துணிகிறவருக்கு முதற் சோதனை, சபையோரை எதைக் கண்டு சிரிக்க வைப்பது என்பதே. வஞ்சகனின் சாமர்த்தியத்தைக் கண்டா, ஏமாந்தவரின் பேராசையைக் கண்டா, அல்லது அதன்பின் அவர் குடும்பம் படும் துயரத்தைக் கண்டா என்ற தீர்மானத்தில்தான் படத்தின் தர்மம் அடங்கியிருக்கிறது. 2014 ஜூலையில் வெளிவந்த எச். வினோத்தின் ‘சதுரங்க வேட்டை’ இச்சோதனையில் பெரும்பாலும் தேறியதற்கு, வஞ்சகன் காந்தி பாபுவாக நடித்த நட்ராஜின் அடக்கமே பிரதான காரணம்.

படத்தில் வரும் மண்ணுளிப் பாம்பு, சங்கிலித் தொடர் வியாபாரம், கோயில் கலசத்து இரிடியம் ஆகிய மோசடிகள் வெறும் கற்பனையல்ல. தமிழ்நாட்டில் வழக்குகளாகப் பதிவானவை. மாதந்தோறும் பராமரிப்புத் தொகை தருவதாகச் சொல்லி முதலீடு திரட்டிய பெருந்துறை ஈமு நிறுவனம் 2012-இல் சரிந்தபோது, சேமிப்பை இழந்தவர்கள் எத்தனையோ பேர். 1990-இல் திருப்பணி நிறைவுற்ற காசி விசுவநாதர் ஆலயத்து ஒன்பது நிலைக் கோபுரத்தை நிமிர்ந்து வணங்கிப் பழகிய தென்காசிவாசிக்கு, கலசத்தைக் கோடிகளாகக் கணக்கிடும் மனிதரைத் திரையில் காண்கையில் சிரிப்புடன் அச்சமும் எழுவது இயற்கை.

‘ஜப் வி மெட்’ முதலிய ஹிந்திப் படங்களின் ஒளிப்பதிவாளரான நட்ராஜ், குரலை உயர்த்தாமல், தன் பொய்யைத் தானே நம்புகிறவரைப் போலப் பேசுகிறார். ரசிகரின் ஆமோதிப்பை அவர் ஓரிடத்திலும் யாசிப்பதில்லை. எதிரே, ஏமாறும் செட்டியாராக அமர்ந்த இளவரசு, ஆசையும் சந்தேகமும் மாறிமாறி வெல்லும் முகத்தால் அந்தப் பொய்க்கு எடை சேர்க்கிறார். ஏமாற்று முறைக்குச் சிரித்தவர்கள், இழப்பு வெளிப்படும்போது தாமாகவே அடங்கிவிடுகிறார்கள்.

1994 ஜனவரியில் டெட்ராய்ட்டில் பனிச்சறுக்கு வீராங்கனை நான்சி கெர்ரிகன் தாக்கப்பட்ட சம்பவத்தைத் தழுவிய ‘ஐ, டோன்யா’ (2017) படத்தில், போட்டிக்கு முன் கண்ணாடியெதிரே கண்ணீரோடு புன்னகையை வரவழைக்கும், டோன்யாவாக நடித்த மார்கோ ராபியும் இதையே சாதித்தார்; அதுவரை சிரித்ததற்காக நம்மை நாணச் செய்தார்.

‘சதுரங்க வேட்டை’யின் குறை பிற்பாதியில் இருக்கிறது. காந்தி பாபுவின் மனமாற்றத்திற்குத் தாராளமாக நேரம் ஒதுக்கிய திரைக்கதை, அவனால் நஷ்டமடைந்தவர்களின் பிற்கால வாழ்வைக் காட்ட அவ்வளவு அக்கறை கொள்ளவில்லை. வஞ்சகன் திருந்துவது நல்லதே. ஆயினும் கடன்பட்டவன் மனம் மாறியதனால் மட்டும் கடன் தீர்ந்துவிடாது. இத்தகைய வழக்குகளை இனிப் படமாக்குவோர், பொருளை இழந்தவருக்கும் ஒரு முழுமையான பாத்திரத்தை வகுத்து, அதற்குத் தேர்ந்த நடிகர் ஒருவரை அளிக்க வேண்டும். ஹாஸ்யத்தின் கூர்மை அதனால் மழுங்காது, நியாயம் பெறும்.