எண்ணிக்கை யார் வாயில்?

‘உழைக்கும் மக்களின் பாடல்’ என்று நமது தோழர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு சின்னச் சங்கடம். உழைப்பவரைப் பற்றிய பாட்டு, உழைப்பவர் பாடும் பாட்டு, உழைப்பவருக்காகப் போடப்படும் பாட்டு என்று மூன்று இருக்கின்றன. மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, மக்கள் கலாச்சாரம் என்று சீட்டு ஒட்டிவிடுகிறோம்.

ஏற்றப்பாட்டை எடுத்துக்கொள்வோம். அது களைப்பு தெரியாமலிருக்க மட்டும் பாடப்பட்டதல்ல. அதற்குள் எண்கள் வரும். எத்தனை சால் இறைத்தாயிற்று என்று பாட்டே கணக்கு வைத்துக்கொண்டு போகும். அளவுகோல் இறைப்பவர் வாயில் இருந்தது. நிலம் அவருடையதாக இல்லாமலிருக்கலாம். சாதி நிறுத்திய இடத்தில்தான் அவர் நின்றார். அதை மறந்துவிட்டு ‘ஆகா, மண்ணின் குரல்!’ என்று உருக என்னால் முடியாது. நடவுப்பாட்டின் வேகத்தில் ஆதாயம் பார்த்தவர் வரப்பில் குடை பிடித்து நின்றவர்தானே. ஆனாலும் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் முன்பாட்டுக்காரியின் தொண்டையில் இருந்தது. பம்புசெட் வந்ததும் ஏற்றம் போனது, கூடவே அந்தக் கணக்கும் போனது.

பாரதி ‘குயில் பாட்டி’ல் ஏற்ற நீர்ப் பாட்டையும், நெல்லிடிக்கும் பெண்களின் ஒலியையும், சுண்ணம் இடிப்பவர் பாட்டையும் தன் நெஞ்சைப் பறித்த இசைகளாக வரிசைப்படுத்துகிறார். அபூர்வமான காது. ஆனால் அது அந்த நேரத்தில் உலக்கை பிடிக்காத காது. (ஃபிஜி கரும்புத் தோட்டத்துப் பெண்களைப் பற்றி எழுதும்போது அதே காதில் அழுகைதான் விழுகிறது, பாட்டு விழவில்லை. அதையும் சொல்லிவிடுவதே நியாயம்.)

சினிமா இதை வேறு மாதிரி செய்தது. ‘தொழிலாளி’ (1964), ‘ரிக்‌ஷாக்காரன்’ (1971) என்று நாயகன் ஒவ்வொரு தொழிலாக உடுத்திக்கொண்டான். உழைப்பு அங்கே ஒரு குணமாக, நல்லவனுக்கு அடையாளமாக மாறிவிடுகிறது. வேலை நேரம், கூலி, இடுப்பு வலி எதுவும் மெட்டுக்குள் நுழைவதில்லை. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் நுழைக்கப் பார்த்தார். 1959இல் 29 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

மூன்றாவது வகையைப் பற்றித்தான் நாம் பேசுவதே இல்லை. 1940 ஜூன் மாதம், யுத்தத்தின் நடுவே, பிபிசி ‘மியூசிக் வைல் யூ ஒர்க்’ என்ற நிகழ்ச்சியைத் தொடங்கியது. தளவாட ஆலைகளின் ஒலிபெருக்கிகளுக்காக தினமும் இரண்டு வேளை. 1967 வரை ஓடியது. தெரிந்த மெட்டு, சீரான தாளம், தூக்கம் வரவைக்காத வேகம் என்று அதற்கு விதிகள் இருந்தன. இந்த விதிகளைவிட விலக்கு சுவாரசியமானது. ‘டீப் இன் த ஹார்ட் ஆஃப் டெக்ஸஸ்’ என்று ஒரு பாட்டு. நடுவில் கைதட்ட வேண்டும். 1942இல் வேலை நேரத்தில் இதை ஒலிபரப்பக்கூடாது என்று தடுத்தார்கள். காரணம்? தொழிலாளி கருவியைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டிவிடுவான் என்ற பயம்! உடல் தாளத்துக்கு ஆட வேண்டும், ஆனால் இயந்திரத்தின் பக்கமாக மட்டும் ஆட வேண்டும். அதிகாரம் இவ்வளவு வெளிப்படையாகத் தன் பயத்தை எழுதி வைத்த பிரதி வேறு கிடைப்பது கஷ்டம்.

அமெரிக்காவில் 1934இல் தொடங்கிய மியூசாக் கம்பெனி இதையே சரக்காக விற்றது. பதினைந்து நிமிடத் துண்டு, அதற்குள் படிப்படியாக ஏறும் உற்சாகம், பிறகு மௌனம். சோர்வு வரும் மணியைக் கணக்குப் பார்த்து இசையை ஏற்றினார்கள். ஏற்றக்காரர் வாயிலிருந்த எண் இங்கே நிர்வாகத்தின் அட்டவணைக்குப் போய்விட்டது.

இதெல்லாம் சீமைக் கதை என்று தள்ளிவிட முடியாதபடி எனக்கு ஓர் அனுபவம் உண்டு. தொண்ணூறுகளின் நடுவில் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தேன். பகலில் டேப் ஒலிக்காது. ராத்திரி அரை ஷிப்டு சேர்த்து ஓட்டும்போது மட்டும், எட்டரை மணிக்கு மேல் சூப்பர்வைசர் கேசட் போடுவார். முதலில் சோகப் பாட்டுக்கள், பத்து மணிக்கு மேல் குத்து. மியூசாக் என்ற பெயரை அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். பீஸ் ரேட் டெய்லர்களின் கால் பவர் டேபிளில் அந்தத் தாளத்துக்கு அழுந்துவதை நான் பார்த்தேன். எனக்கும் பிடித்திருந்தது, பொய் சொல்வானேன். பாட்டு இல்லாத ராத்திரிகள் இன்னும் மோசமாக இருந்தன. ஆகவே ‘திணிக்கப்பட்ட இசை’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடும் விமர்சனத்தை நான் நம்புவதில்லை.

ஒருநாள் கைமடிக்கும் அக்கா ஒருவர் ஓடிக்கொண்டிருந்த பாட்டின் மேலேயே வேறு சொற்களைப் போட்டுப் பாடினார். சூப்பர்வைசரின் நோட்டில் எழுதும் பீஸ் கணக்கும் சனிக்கிழமை கைக்கு வரும் கணக்கும் ஒத்துப்போகாததைப் பற்றி. நாலு டேபிள் தள்ளி இன்னொருவர் அடுத்த அடியைப் போட்டார். அந்தப் பாட்டில் எண்கள் இருந்தன. இவ்வளவு டஜன், இவ்வளவு ரூபாய் என்று. முழு வரிசையும் சிரித்தது; இரண்டு மூன்று மெஷின்கள் நின்றன. சூப்பர்வைசர் வந்து டேப்பை அணைத்தார். அவர்களைத் திட்டவில்லை, பாட்டைத்தான் நிறுத்தினார். அப்புறம் ஒரு வாரம் பாட்டே இல்லை. கூலி ஒரு பைசா ஏறவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

நாட்டார் பாடல் சேகரிப்பவர்கள் இந்த மாதிரிப் பாட்டைத் தேடி வருவதில்லை. சினிமா மெட்டு, ஆகவே கலப்படம். தூய்மையை ஊரில் தேடுகிறார்கள், ஊர் ஆறு மணி ஷிப்டுக்கு பஸ் ஏறிவிட்டது.

இதை எழுதுமுன் அந்த அக்காவைப் போய்ப் பார்த்தேன். இப்போது பேரன் பள்ளிக்கூடம் போகிறான். வரிகள் எல்லாம் ஞாபகம் இருந்தன. அவராகவே பாடியும் காட்டினார். எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். “அதெல்லாம் எழுதிப் போட்றாதீங்க தம்பி, எம் மருமக இன்னும் கம்பெனிக்குத்தான் போயிட்டிருக்குறா” என்றார்.