மாசி வீதியில் பழைய கூட்டாளிகள்

லீவு போட்டுவிட்டுப் பழைய கூட்டாளிகளோடு சுற்றுவதற்கு மதுரையைப் போல வாகான ஊர் கிடையாது. கோயில் மதிலுக்குள் ஆடி வீதி. வெளியே சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று அடுக்கடுக்காக வீதிகள். பேச்சு மும்முரத்தில் எந்தத் திருப்பத்தை விட்டாலும் அடுத்த முக்கில் ஒரு கோபுரம் தலைகாட்டிவிடும். வெளி வீதிப் பக்கம் ஒருகாலத்தில் கோட்டைச் சுவர் நின்றது. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் அதை இடிக்க வைத்தார். அந்த வேலையில் இருந்த மாரட், பெருமாள் மேஸ்திரி பெயர்களில் இன்றும் தெருக்கள் உண்டு.

பகலில் நாயக்கர் மகால் பார்க்கலாம். ஆனால் ராத்திரிதான் விசேஷம். கடல்பாசி, நன்னாரி சர்பத், சுண்டக் காய்ச்சிய பால், மேலே ஒரு கரண்டி ஐஸ்கிரீம்: ஜிகர்தண்டாவைக் கலக்காமல் குடிக்க வேண்டும் என்பது என் கட்சி. கூட வந்தவர்கள் கலக்கு கலக்கென்று கலக்குவார்கள். ருசி தெரியாத ஜென்மங்கள். அப்புறம் கறி தோசை. அடியில் தோசை, நடுவில் முட்டை, மேலே மிளகு மணக்கும் கொத்துக்கறி. தட்டு வந்ததும் கேட்காமல் பாதியைப் பிய்த்துக்கொள்ள இவர்களுக்கு மட்டும்தான் உரிமை.

“சுகர் மாத்திரை போட்டியாடா?”

“போட்டாச்சு. இன்னொண்ணு சொல்லு.”